வடிவீஸ்வரம், கோட்டாறு ஓட்டு வீடுகள்: புதுக்கலாமா, இடிக்கலாமா, பில்டரிடம் கொடுக்கலாமா?

நாகர்கோவிலில் வடிவீஸ்வரம் அழகம்மன் கோவிலைச் சுற்றியோ கோட்டாறு பழைய தெருக்களிலோ உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முகப்பு 20 அடி, நீளம் 130 அடி, அதாவது ஏறக்குறைய ஆறு சென்ட். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். முன்னால் படிப்புரை (திண்ணை), நடுவில் முற்றம், பிறகு அடுக்களை, கிணறு. கிணற்றுக்குப் பின்னால் பாதி மனை சும்மா கிடக்கும். இந்த வீட்டை என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: முன்பாதி ஓட்டு வீட்டைச் சீர்செய்து வைத்துக்கொண்டு, தேவையான புது அறைகளைப் பின்மனையில் கட்டுங்கள். மற்ற வழிகளை ஏன் பின்னால் தள்ளுகிறோம் என்பதைப் பார்ப்போம்.

எந்த வழிக்கும் முதலில் பத்திரம் தெளிவாக வேண்டும். 1956 வரை இது திருவிதாங்கூரோடு இருந்த மண். அதனால் மூலப்பத்திரத்தில் கொல்லம் ஆண்டு இருக்கும், சிலதில் எழுத்தே மலையாளமாக இருக்கும். மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். நாஞ்சில்நாட்டு வேளாளர் குடும்பச் சொத்தாக இருந்தால், சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி இருந்த காலத்துப் பாகங்களையும், மனைவி மக்களுக்கு உகந்துடைமையாகக் கொடுத்ததையும் தேடிப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் எதுவும் வரவில்லை என்பதை வைத்துப் பங்காளி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. பாகப்பத்திரம் பதியாத வீட்டில் கொத்தனாரைக் கூப்பிடுவதே தவறு.

புதுக்குவதில் கூரைதான் பெரிய வேலை. ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கழுக்கோல் நடுவில் பெரும்பாலும் கெடாது. சுவருக்குள் புதைந்திருக்கும் நுனிதான் கெடும். ஸ்க்ரூடிரைவரால் அங்கே குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அழுகல். முழு மரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. கெட்ட நுனியை வெட்டி, அதே ஜாதி மரத்தில் ஒட்டுத்துண்டு வைத்து, இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை கொடுத்து போல்ட் முறுக்கினால் போதும். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு 140 முதல் 150 வரை பிடிக்கும். தரையின் அளவை வைத்து எண்ணாமல் கூரைச் சரிவை அளந்து எண்ணுங்கள். பழைய ஓட்டைத் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்பதைத் தள்ளிவிடலாம். ஒக்கி புயல் மாதிரிக் காற்றில் முதலில் பறப்பது ஓரத்து ஓடும் உச்சி ஓடும்தான். அந்த வரிசைகளைக் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டிவிட வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. பொங்கல் கழிந்ததும் ஓட்டை இறக்கி மார்ச்சுக்குள் ஏற்றிவிடுங்கள்.

சுவரில் நடக்கும் தவறு இன்னும் மோசம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் தரை ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்பு பூத்து, சில வருஷத்தில் பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் இரண்டு முதல் மூன்று பங்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் என்று பழைய முறையில்தான் பூச வேண்டும். ஓட்டைக் கழற்றிவிட்டு அதே சுவரில் கான்கிரீட் தளம் போடுவது ஆபத்து. மரமும் ஓடும் சேர்ந்து சதுர அடிக்கு ஏறக்குறைய 6 கிலோ. ஐந்து அங்குலத் தளம் 29 கிலோ வரும்.

சீர்செய்ய முடியாத குறை ஒன்று உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே தளம் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே வருகிறது. மூன்று படி ஏற வேண்டியிருந்த படிப்புரை இன்று தெருவோடு மட்டமாகக் கிடக்கிறது. மழைத் தண்ணீர் வாசல் தாண்டி வந்துவிடுகிறது. முற்றத்து ஓவை (தண்ணீர் வெளியேறும் வழியை) அடைக்காமல் வைத்திருந்தால் ஓரளவு தாங்கலாம். தெரு மட்டம் உள்தரைக்கு மேலே போய்விட்ட வீட்டுக்கு இடிப்பதுதான் நியாயமான வழி.

அப்படி இடிக்கும்போது பொதுச்சுவரைத் தொடாதீர்கள். அந்தப் பக்கத்தில் ஜேசிபி வேண்டாம், கையால் பிரியுங்கள். பக்கத்து வீட்டு உத்தரம் அந்தச் சுவரில்தான் உட்கார்ந்திருக்கும். வேலைக்கு முன்பே அங்குள்ள விரிசல்களைத் தேதியோடு படமெடுத்துப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டால் பாதி வழக்கு வராது. அனுமதியில் ஒரு நுணுக்கம்: 2024-ல் வந்த சுயசான்று முறை (உரிமையாளரே உறுதிமொழி கொடுத்து அனுமதி பெறுவது) 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மட்டும்தான். ஆறு சென்ட் 2,613 சதுர அடி. பட்டாவிலும் அதுவே இருந்தால் 113 சதுர அடி கூடிப்போனதால் வழக்கமான அனுமதிக்குப் போக வேண்டியதாகிவிடும். தெரு தொடர் கட்டடப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்றும் முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் இருபது அடி அகலத்தில் பக்க இடைவெளி விட்டபிறகு அறை என்று சொல்ல இடமே மிஞ்சாது.

பில்டரோடு ஜாயின்ட் வென்ச்சர் என்றால் பொதுவாக அடுத்தடுத்த இரண்டு மனைகளைக் கேட்பார்கள். பன்னிரண்டு சென்ட், 486 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு (மனையைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2 என்பதால் 10,450 சதுர அடி கட்டலாம் என்று காகிதத்தில் காட்டுவார்கள். தெருவின் அகலமும் வண்டி நிறுத்தும் இடமும் அதைக் கணிசமாகக் குறைக்கும். பெரிய சிக்கல் வேறு. 500 சதுர மீட்டரைத் தாண்டாத நிலத்துக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு கட்டாயமில்லை. வாங்குபவர் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கும் பாதுகாப்பு இங்கே கிடைக்காது. வேலை பாதியில் நின்றால் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே கையில் இருக்கும். தாமதத்துக்கு மாதத் தொகை, அதுவரை வீட்டு வாடகை, நிலத்தில் உங்களுக்கு மிஞ்சும் பிரிபடாத பாகம், மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விற்கும் அதிகாரத்தோடு கூடிய பவர் பத்திரத்தை அஸ்திவாரத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்காதீர்கள்.

நான்காவது வழி, விற்றுவிட்டு ஊருக்கு வெளியே பிளாட் வாங்குவது. கிரையத்துக்கு 9 சதவீதம் முத்திரையும் பதிவுமாகவே போய்விடும். சுசீந்திரம், தேரூர் பக்கம் வயலாக இருந்த இடத்தில் நாலைந்து அடி மண் நிரப்பிய பிளாட் என்றால், நிரப்பிய மண்ணில் அஸ்திவாரம் நிற்காது. அடியிலுள்ள களிமண்ணையும் தாண்டி இறங்க வேண்டும். அங்குள்ள குளங்கள் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) ஏறியவை. மனைப்பிரிவு அனுமதி எண்ணைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பின்மனையில் கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. ஓட்டு வீட்டையும் புதுக் கட்டடத்தையும் ஒட்டிக் கட்டாமல், நடுவில் கிணற்றடியைத் திறந்த இடமாக விடுங்கள். புதுக் கட்டடம் இறங்கினாலும் பழைய சுவரை இழுக்காது. இரண்டு வீட்டுக்கும் காற்றும் வெளிச்சமும் அந்த வழியாகவே வரும்.