ஏஐ விளம்பரங்களோடு சில வருஷங்கள்: மதுரையிலிருந்து ஒரு வாடிக்கையாளரின் அனுபவம்

திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் மளிகை முதல் மிக்ஸி வரை பாதிச் சாமானுக்கு மேல் போன் வழியாகத்தான் வாங்குகிறோம். இது பல வருஷப் பழக்கம். முன்பெல்லாம் மாசி வீதி ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி என்று பேப்பரில் போட்டால் ஊரே அதைப் பார்க்கும். இப்போது ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நாலு பேருக்கு நாலு விதமான விளம்பரம் வருகிறது. தேடும் வேலையை ஏஐ எனக்கு ரொம்பவே குறைத்துவிட்டது. ஆனால் கண் முன்னால் வந்து நிற்கும் படத்தையும் விமர்சனத்தையும் சரிபார்க்கும் வேலை கூடிவிட்டது. இத்தனை நாள் புழங்கியதில் எனக்குத் தெரிந்தது இது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கூகுளின் ஏஐ செயலியான ஜெமினி 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழும் இருந்தது. அதிலிருந்து பேசுகிற மாதிரியே கேட்டுவிடுகிறேன். "வீட்டுல நாலு பேர், கரண்ட் அடிக்கடி டல்லாகும், எந்த மாதிரி கிரைண்டர் தாங்கும்?" என்று கேட்டால், மோட்டார் திறன், கல்லின் எடை, வாரண்டி என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை எடுத்து வைக்கிறது. ஐம்பது பக்கம் புரட்டுவதற்கு இது எவ்வளவோ மேல்.

விமர்சனச் சுருக்கம் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆயிரம் பேர் எழுதியதை ஏஐ நாலு வரியாக்கும்போது பெரும்பான்மை சொன்னதுதான் மிஞ்சும். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. வாட்டர் ஹீட்டரைப் பற்றிச் சுருக்கத்தில் 'சீக்கிரம் சூடாகிறது, பார்க்க அழகு' என்றிருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு, உள்ளே சூடாக்கும் கம்பிச் சுருள் (காயில்) என்ன ஆகிறது என்று விவரமாக எழுதிய சிலர் அதில் காணாமல் போயிருந்தார்கள். எனக்குத் தேவைப்பட்டது அவர்கள் எழுதியதுதான். அதனால் சுருக்கத்தைப் படித்ததும் 'உப்பு' என்று தேடி அந்த விமர்சனங்களை முழுசாகப் படிக்கிறேன். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறார்கள்.

உள்ளூர் விவரத்திலும் சறுக்கல் உண்டு. தையல் கடைகள் எங்கே என்று கேட்டால், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபம் என்று பதில் வந்தது. அங்கிருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டதைக் கோயில் பக்கம் போகிற யாரும் சொல்வார்கள்.

அடுத்தது, மனசை ரொம்பப் பாதித்த விஷயம். சித்தி மகள் உண்டாகியிருந்தபோது அவளுக்காகத் தொட்டில் தேடினோம். அதற்குப் பிறகு எங்கள் இருவர் போனிலும் டயப்பர், பால் பாட்டில், குழந்தைச் சோப்பு என்று வரிசையாக வந்தன. போன் ஒட்டுக் கேட்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஒட்டுக் கேட்கத் தேவையே இல்லை. எதைத் தேடினோம், எந்தப் படத்தில் விரல் நின்றது, கார்ட்டில் எதைப் போட்டுவிட்டு வாங்காமல் விட்டோம், இதே மாதிரி தேடிய மற்றவர்கள் அடுத்து என்ன வாங்கினார்கள் என்பதெல்லாம் போதும். ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் அட்வான்டேஜ் பிளஸ், கூகுளின் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் போன்ற கருவிகளில் விளம்பரதாரர் படத்தையும் பணத்தையும் கொடுத்தால், யாருக்குக் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே முடிவு செய்துவிடுகிறது.

அவளுக்குக் கரு தங்கவில்லை. இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? அதன் கணக்குப்படி மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தந்த மாதத்துக்கான விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. போனைத் தொடவே பயந்தாள். கூகுளின் 'மை ஆட் சென்டர்' பகுதியில் கர்ப்பம், குழந்தை வளர்ப்பு என்ற தலைப்பையே குறைத்துக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. மது, சூதாட்டம், உடல் எடைக் குறைப்பு ஆகியவற்றுக்கும் உண்டு. அதைப் போட்டுக் கொடுத்தேன். விளம்பரம் காட்டுகிறவர்கள் போனை அடையாளம் காணப் பயன்படுத்தும் விளம்பர ஐடியையும் ஆண்ட்ராய்டில் நீக்கினோம். மற்ற செயலிகளில் ஒவ்வொரு விளம்பரமாக 'இதைக் காட்டாதே' என்று அழுத்த வேண்டியிருந்தது. ஒரே இடத்தில் ஒரே தடவை சொன்னால் எல்லா இடத்திலும் நிற்கும்படி ஒரு வழி கட்டாயம் வேண்டும். வேறு எது வராவிட்டாலும் இது வர வேண்டும்.

சேலை வாங்குகிறவர்கள் படத்தை உற்றுப் பார்க்கப் பழக வேண்டும். மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியைக் கிள்ளி நூலால் கட்டிச் சாயத்தில் முக்குவதால் ஒவ்வொரு புள்ளியும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். ஒரு விளம்பரத்தில் வந்த 'அசல் சுங்குடி'யில் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. அதைவிட, கொசுவ மடிப்பு திரும்பும் இடத்தில் புள்ளி வரிசை திரும்பவில்லை. மடிப்பே இல்லாத மாதிரி நேராக ஓடியது. முந்தானைக் கரையும் இடுப்புக் கரையும் வேறு வேறு. சேலையைப் போட்டோ எடுக்கவில்லை, ஏஐ-யை வைத்துப் படம் செய்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. விரித்துக் காட்டி ஒரு வீடியோ அனுப்பச் சொன்னேன். "கண்டிப்பாக அக்கா! இன்றே ஆர்டர் செய்தால் 20 சதவீதம் தள்ளுபடி" என்று உடனே பதில் வந்தது. மறுபடி கேட்டேன், அதே பதில். அந்தப் பக்கம் ஆள் இல்லை, தானாகவே பதில் போடும் பாட் (bot) நிரல்தான். அப்புறம் உள்ளூரில் தெரிந்த ஒரு கடைக்கு வாட்ஸ்அப் செய்தேன். அந்த அம்மா சேலையை மேசையில் போட்டு, பின்பக்கத்தையும் புரட்டி, கட்டு விழுந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருந்ததை விரலால் தடவிக் காட்டினார். அவரிடமே வாங்கினேன். அந்தக் கடையும் விளம்பர வாசகத்தை ஏஐ-யில்தான் எழுதுகிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சரக்கின் படம் நிஜமாக இருந்தால் போதும்.

இதைவிட ஆபத்து மருந்து விளம்பரம். பெரியம்மா ஒரு வீடியோவைக் காட்டி, "ஏம்மா, இந்த டாக்டர் டிவியில வர்றவருதான? மூட்டு வலிக்கு இந்த எண்ணெய் வாங்கவா?" என்று கேட்டார். முகமும் குரலும் அவருடையது மாதிரியேதான் இருந்தன. 'ப', 'ம' சொல்லும்போது மட்டும் உதடு ஒட்டவில்லை. இந்த அடையாளமும் சீக்கிரமே சரியாகிவிடும். அதனால் எங்கள் வீட்டில் வீடியோவைப் பார்த்து எந்த மருந்தும் வாங்குவதில்லை. பெரியம்மாவுக்குப் பார்க்கிற டாக்டரிடம் கேட்ட பிறகுதான் எதுவும்.

'இன்னும் 2 மட்டுமே', '5 நிமிடத்தில் முடிகிறது' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கார்ட்டில் சேர்ப்பதும் விதிமீறல். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. இப்படி நடந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம்.

தேடவும் ஒப்பிடவும் ஏஐ-யைத் தொடர்ந்து பயன்படுத்துவேன். துணி, நகை, மருந்து மூன்றுக்கும் அதன் பேச்சை வைத்து முடிவெடுக்க மாட்டேன். விற்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பாட் வையுங்கள், ஆனால் 'ஆளிடம் பேச வேண்டும்' என்று தட்டினால் கடையில் இருக்கும் ஒருவர் வரட்டும்.