டிரெய்லரைத் தனியாக மாட்டுபவர்களுக்கு: காந்தக் கம்பியா, கேமராவா?

படகு டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டுவது எங்கள் வீட்டில் என் வேலை. எனக்குக் கழுத்து முழுதாகத் திரும்பாது. கண்ணாடியில் பார்த்தாலும் டெயில்கேட் (பிக்கப்பின் பின்கதவு) மறைப்பதால், டிரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் ஹிட்ச் பந்தும் தெரியாது, அந்தப் பந்தின் மேல் உட்காரும் குழியுள்ள டிரெய்லரின் முன்முனையான கப்ளரும் தெரியாது. பின்னால் ஒருவர் நின்று கை காட்டினால் வேலை முடிந்துவிடும்தான். ஆனால் நகர்கிற வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கால் தவறினால் ஒதுங்க அங்கே இடமே இருக்காது. அந்த இடைவெளியில் ஒரு ஆளை நிறுத்தாமல் என்னை நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவி எது என்ற ஒரே கேள்வியோடுதான் இதற்கென்று இருக்கும் சில கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

எனக்கு மிகவும் பிடித்தது காந்தக் கம்பி ஜோடி. இழுத்து நீட்டும் இரண்டு கம்பிகள், அடியில் காந்தம், நுனியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு உருண்டை. ஒன்றை ஹிட்ச் பந்தின் உச்சியிலும் மற்றதைக் கப்ளரின் மேலும் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கைக்கு வந்துவிடலாம். உள்கண்ணாடியிலேயே இரண்டு உருண்டைகளும் தெரியும். கப்ளர் கம்பி எந்தப் பக்கம் விலகியிருக்கிறதோ ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமே திருப்ப வேண்டும், ஏனென்றால் ரிவர்ஸில் வண்டியின் பின்பக்கம் நாம் திருப்பும் திசைக்குத்தான் போகும். ஓட்டுநர் இருக்கை வண்டியின் நடுவில் இல்லை என்பதால் தூரத்தில் இருக்கும்போது கோணம் கொஞ்சம் ஏமாற்றும். அதற்காகப் பதற வேண்டாம். நெருங்க நெருங்க இரண்டு உருண்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே வந்தால் போதும், பிழை தானாகக் குறைந்துவிடும்.

இந்த வேலையில் இடம் வலம்தான் கஷ்டம். முன் பின் தூரத்தை மெதுவாக நகர்த்திச் சரிசெய்துவிடலாம். பக்கவாட்டில் ஒரு கை அகலம் விலகிவிட்டால் முன்னால் எடுத்து மறுபடி வரத்தான் வேண்டும். கம்பிகள் அந்தப் பிழையைத் தூரத்திலேயே காட்டிவிடுகின்றன, திருத்த இடம் இருக்கும்போதே. பேட்டரி, திரை என்று எதுவும் இவற்றுக்குத் தேவையில்லை.

குறைகளும் உண்டு. கப்ளரின் மூக்கு தட்டிப் பந்தின் மேலிருக்கும் கம்பி விழும்போது வேலை முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது. மூக்கிலிருந்து குழியின் நடு வரைக்கும் உள்ள தூரம் இன்னும் மீதி இருக்கும். அதை டேப்பால் ஒருமுறை அளந்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் நீட்டிய கம்பி ஆடும். சாய்வாக நின்றால் உருண்டைகள் பொய் சொல்லும், அதனால் காந்தத்தின் அடியில் மண்ணும் கிரீஸும் இல்லாமல் துடைத்துவிட்டு நிறுத்துவது நல்லது. இருட்டில் இவற்றால் பெரிய பயன் இல்லை.

இருட்டில் கேமராதான். டெயில்கேட்டில் ஒட்டிவைத்து போனில் பார்க்கும் வயர்லெஸ் கேமராவில் ராத்திரிப் படம் நன்றாகவே வந்தது. பகலில் வெயில் நேராகத் திரையில் விழுந்தால் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தொல்லை: கேமராவின் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் சில போன்கள் தாமாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், படம் பாதியில் நின்றுபோகும். ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்பே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை வராது. படம் கண்ணாடிபோல இடம் வலம் மாறி வருகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவில் வேறொரு ஏமாற்றும் இருக்கிறது, வண்டியோடு வரும் ரிவர்ஸ் கேமராவிலும் அதுவேதான். கேமரா மேலிருந்து சாய்வாகப் பின்னால் பார்க்கிறது. கப்ளர் பந்தைவிட உயரத்தில் இருப்பதால், உண்மையில் நேர் மேலே வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் பின்னால் இருப்பதுபோலத் திரையில் தெரியும். அதை நம்பினால் தாண்டிப் போய்விடுவோம். டிரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கி ஏற்றி இறக்கும் ஜாக்கைச் சுற்றிக் கப்ளரைப் பந்துக்கு மேல் ஒரு அங்குல இடைவெளிக்கு இறக்கி வைத்தால் இந்த ஏமாற்று பெருமளவு குறைகிறது. அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்கள், பிக்கப்களில் ரிவர்ஸ் கேமரா கட்டாயம் என்பதால் பலரிடம் இது ஏற்கெனவே இருக்கும். வண்டியில் ஹிட்ச் பந்தை நோக்கி நடுக்கோடு காட்டும் வசதி இருந்தால் தனியாக வயர்லெஸ் கேமரா வாங்கத் தேவையே இல்லை. ஃபோர்டின் சில பிக்கப்களில் ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர், பிரேக் மூன்றையும் வண்டியே பார்த்துக்கொண்டு டிரெய்லரிடம் போய்ச் சேரும் வசதிகூட வந்துவிட்டது. நான் அதை ஓட்டிப் பார்த்ததில்லை.

பந்துக்கு அடியில் பொருத்தும் வி வடிவத் தகடு லேசான டிரெய்லருக்கு மட்டும்தான். கப்ளரை நடுவுக்குத் தள்ளிக் கொண்டுவரும், உண்மைதான். ஆனால் கனமான டிரெய்லர் பக்கவாட்டில் எளிதில் நகராது. அந்த விசை முழுக்க ஜாக்கின் காலில் இறங்கும். எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை.

எந்தக் கருவியும் சொல்லாத ஒன்று பந்தின் அளவு. 2 அங்குலப் பந்தின் மேல் 2 5/16 அங்குலக் கப்ளர் உட்கார்ந்தால் பார்க்கச் சரியாகவே தெரியும், ஓடும்போது கழன்றுவிடும். ஐரோப்பாவில் 50 மில்லிமீட்டர்தான் வழக்கம். அளவு பந்திலும் கப்ளரிலும் பொறித்திருக்கும், படித்துப் பாருங்கள். கப்ளரைப் பந்தின் மேல் இறக்கிப் பூட்டிய பிறகு ஜாக்கை மறுபடி உயர்த்துங்கள்: வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் டிரெய்லரின் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டலாம்.

கம்பிகளை வாங்க நினைத்தால், வீட்டில் இருக்கும் சின்னக் காந்தம் ஒன்றை முதலில் கப்ளரிலும் பந்திலும் ஒட்டிப் பாருங்கள். அலுமினியக் கப்ளரில் ஒட்டாது, சில ஸ்டெயின்லெஸ் பந்துகளிலும் ஒட்டாது. பந்திலிருந்து டெயில்கேட்டின் மேல்விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்றும் அளந்துகொள்ளுங்கள். கம்பி அதைவிட ஒரு சாணாவது உயரமாக நீள வேண்டும்.