இருபத்தைந்து அமாவாசை, ஒரு டி7

சாம்சங் டி7 என்ற 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யை, அதாவது லேப்டாப்போடு கேபிளில் இணைத்து பைல்களைச் சேமித்து வைக்கும் சின்னச் சாதனத்தை வாங்கி, போன அமாவாசையோடு இருபத்தைந்து அமாவாசை முடிந்தது. அமாவாசைக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அன்றைக்குத் தறியில் கை வைக்க மாட்டார்கள். அப்பா கடைசி வரைக்கும் அதைக் கடைப்பிடித்தார். சென்னிமலையில் எங்கள் வீட்டுக் குழித்தறி இருந்த இடத்தில் இப்போது என் மேசை இருக்கிறது. தறி போனாலும் அந்த நாளை நான் விடவில்லை. அன்று காலையில் புதிதாக எதுவும் எழுத மாட்டேன். இதுவரை எழுதியதையும் பதிவு செய்ததையும் பத்திரப்படுத்துவேன்.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கதைகள் எழுதுகிறேன். அதைவிட எனக்கு முக்கியமான வேலை, நெசவாளிகளின் பேச்சைப் பதிவு செய்வது. பாவு, ஊடை, விழுது, பண்ணை, தார், நாடா, படமரம் என்று தறியைச் சுற்றி எத்தனையோ சொற்கள். விடிகாலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது ஆணும் பெண்ணும் பேசிக்கொள்ளும் பேச்சு வேறு. 2016 முதல் 2018 வரை பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து 118 பதிவுகள் எடுத்தேன். மொத்தம் நூற்றுப் பத்து மணி நேரம்.

எல்லாவற்றையும் ஒரே வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்திருந்தேன். லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று அங்கிருந்து அழித்துவிட்டேன். "ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது" என்பதையே பேக்கப் என்று நினைத்திருந்தேன். இடம் மாற்றி வைத்ததைப் பிரதி எடுத்தது என்று எண்ணிக்கொண்டேன். 2021இல் ஒருநாள் அது டக், டக் என்று அடித்தது. திறக்கவில்லை.

முதலில் போன கடையில் அதைத் திரும்பத் திரும்ப மின்சாரத்தில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில்தான், டக் டக் சத்தம் வந்தால் உடனே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று சொன்னார்கள். உள்ளே தட்டு சுற்றும்போது படிக்கும் ஹெட் அதைத் தொடாமல் மிதக்கும். இடைவெளி சில நானோமீட்டர்தான். ஹெட் கெட்டுப்போன நிலையில் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தட்டில் கீறல் விழலாம். கீறிய இடத்தில் இருப்பது போனது போனதுதான். 97 பதிவுகள் திரும்பி வந்தன. 21 வரவில்லை.

வராதவற்றில் ஒன்று, பண்ணை கட்டுகிற ஒரு பெரியவருடையது. பண்ணை என்பது தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற பாகம். ஸ்டீல் பண்ணை வருவதற்கு முன்பு மூங்கிலைச் சீவிப் பல் பல்லாகக் கட்டியவர். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கம் அந்த வேலை தெரிந்த கடைசி ஆள். ஒரு மணி நாற்பது நிமிடம் பேசினார். நோட்டில் நான் குறித்துக்கொண்ட சொற்கள் மட்டும் இருக்கின்றன. எந்தச் சொல்லை எப்படி இழுத்தார், எங்கே நிறுத்திவிட்டுச் சீவுளியை எடுத்துக் காட்டினார் என்பது போய்விட்டது. திரும்பப் பேசச் சொல்லிக் கேட்க அவர் இல்லை.

இதை நினைத்துக்கொண்டுதான் இந்த டி7 பற்றி எழுதுகிறேன். வேகத்தை அளந்து எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதே என் அக்கறை.

ஈரோடு மேட்டூர் ரோட்டில் ஒரு கடையில் வாங்கினேன். அப்போது எட்டாயிரத்துச் சொச்சம். கடைத் தம்பி, "ஏனுங் டீச்சர், டாக்குமெண்ட்டு வெக்கறதுக்கா இத்தனை காசு போடோணும்? பென்டிரைவு போதுமுங்களே" என்றார். "கதைக்குன்னாப் போதும் தம்பி. இது ஆளுங்களோட குரலு" என்றேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. என் நாவல் அறுபதாயிரம் வார்த்தை. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூன்று பைட் பிடிக்கிறது. அப்படியும் வெறும் டெக்ஸ்ட் பைலாக ஒன்றரை எம்.பி. சொச்சம்தான் வருகிறது. ஆனால் சுருக்காத வேவ் பதிவு மணிக்கு 600 எம்.பி.க்கு மேல் போகும். நூற்றுப் பத்து மணி நேரம் என்றால் 70 ஜி.பி.

58 கிராம் எடை. எட்டு மில்லிமீட்டர் கனம். உள்ளே சுற்றும் பாகம் எதுவும் கிடையாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று கம்பெனி சொல்கிறது. நான் போட்டுப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். இரண்டு கேபிள் தருகிறார்கள், ஒன்று டைப் சி, ஒன்று பழைய யு.எஸ்.பி. வாய்க்கு. செருகியதும் 1 டி.பி.க்குப் பதில் 931 ஜி.பி. என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

அட்டையில் வினாடிக்கு 1,050 எம்.பி. என்று இருக்கும். அந்த வேகத்துக்கு லேப்டாப்பின் வாயும் புதியதாக இருக்க வேண்டும். என் லேப்டாப்பில் நீல நிற யு.எஸ்.பி. 3 வாயில் போட்டால் 70 ஜி.பி. நாலைந்து நிமிடத்தில் ஏறிவிடும். பக்கத்தில் இருக்கும் கறுப்பு வாயில் போட்டால் அதே வேலை அரை மணி நேரம். நல்ல டிஸ்க் வாங்கிக் கறுப்பு வாயில் செருகிவிட்டு, வேகமே இல்லை என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கியவுடன் ஒரு காரியம் செய்தேன். டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கப் பல முறைகள் உண்டு. டி7 எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டு வருகிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடுவதற்காக அப்படி. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனாலோ கேபிள் கழன்றாலோ எக்ஸ்ஃபேட் தடுமாறிப் போக வாய்ப்பு அதிகம். என்.டி.எஃப்.எஸ். முறையில் என்ன செய்துகொண்டிருந்தோம் என்ற குறிப்பேடு ஒன்று உள்ளேயே இருக்கும், அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். நான் விண்டோஸ் மட்டும்தான் வைத்திருக்கிறேன், அதனால் என்.டி.எஃப்.எஸ். ஆக மாற்றிக்கொண்டேன். சித்திரையில் கோடை மழைக்கு முன்பு இடி இடித்துக் கரண்ட் போய்ப் போய் வரும் ஊர்க்காரர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பாஸ்வேர்டு வசதியும் இருக்கிறது. 256 பிட் ஏ.இ.எஸ். பூட்டு, டிஸ்க்குக்குள்ளேயே. மறந்துபோனால் கம்பெனியாலும் திறந்து தர முடியாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் தொடங்க வேண்டும். பூட்டு அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நான் பாஸ்வேர்டு போடவில்லை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது. என் பதிவுகளை யாராவது திருடிக்கொண்டு போவார்கள் என்ற பயத்தைவிட, நான் இல்லாத நாளில் என் மகளால் திறக்க முடியாமல் போகுமோ என்ற பயம்தான் பெரிது. கூகுளில் இன்னாக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. குறைந்தது மூன்று மாதம் நாம் கணக்கைத் தொடாவிட்டால், நாம் சொல்லி வைத்த ஆளுக்குத் தகவல் போகும், பைல்களையும் எடுத்துக்கொள்ளலாம். அதில் மகளைச் சேர்த்திருக்கிறேன். கணக்கை இரண்டு வருடம் தொடாமல் விட்டால் கூகுள் அதை அழிக்கவும் கூடும் என்பதால், எழுதுகிற எல்லோரும் இதைச் செய்து வைப்பது நல்லது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குள் பிரதி எப்படிப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற பிரதி எடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். காசு கிடையாது. அதில் மிரர் என்று ஒரு முறை உண்டு, லேப்டாப்பில் இருப்பதை அப்படியே அந்தப் பக்கம் ஆக்கிவிடும். அப்படியே என்றால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். ஒருமுறை நாவலின் ஏழாம் அத்தியாயத்தில் பாதியை அழித்துவிட்டுக் கவனிக்காமல் சேமித்துவிட்டேன். மறுநாள் அமாவாசை. மிரர் அந்தப் பாதி அத்தியாயத்தைப் பத்திரமாக டி7இல் ஏற்றி, முழு அத்தியாயத்தை எடுத்துவிட்டது. அன்று என்னைக் காப்பாற்றியது கூகுள் டிரைவ். ஏற்றிய பைல்களின் பழைய வடிவங்களை அது 30 நாள் அல்லது நூறு வடிவம் வரை வைத்திருக்கும். அதிலிருந்து முழு அத்தியாயத்தையும் எடுத்தேன்.

அன்றைக்கே ஃப்ரீஃபைல்சிங்க்கில் வெர்ஷனிங் போட்டுக்கொண்டேன். இப்போது மாற்றிய பைலோ அழித்த பைலோ தேதி முத்திரையோடு தனி ஃபோல்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வருடத்துப் பழைய வடிவங்கள் எல்லாம் சேர்ந்தும் 931 ஜி.பி.யில் ஒரு மூலைதான். இடம் நிறைய இருக்கிற டிஸ்க் வாங்கியதன் பலனை இங்கேதான் கண்டேன்.

ஒவ்வொரு அமாவாசைக்கும் பிரதி எடுத்த பிறகு டி7இலிருந்தே ஏதாவது மூன்று பதிவுகளைத் திறந்து கேட்பேன். தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். பெயர் தெரிவதாலேயே பைல் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. மீட்டெடுத்த 97இல் இரண்டு, பெயரும் அளவும் சரியாக இருந்தும் நடுவில் வெறும் இரைச்சலாக இருந்தன. கேட்டதால்தான் தெரிந்தது.

எஸ்.எஸ்.டி.யைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் பத்து வருடம் கழித்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். தகவல் உள்ளே மின்னூட்டமாகத்தான் நிற்கிறது. மின்சாரமே காட்டாமல் வைத்தால் மெல்லக் கசியும். வெயில் ஏற ஏறக் கசிவும் ஏறும். ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுகோல்படி, எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த வீட்டு எஸ்.எஸ்.டி., 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தாங்கினால் போதும். புதியது இன்னும் பல காலம் தாங்கும். ஆனால் கோடையில் பேப்பரில் வரும் வெயில் பட்டியலில் கரூர் பரமத்தியும் ஈரோடும் எங்கே நிற்கின்றன என்று நமக்குத் தெரியும். ஓட்டு வீட்டுக்குள் இருக்கும் பீரோ 30 டிகிரியில் நிற்காது. நான் மாதம் ஒருமுறை செருகுவதால் எனக்கு இது கவலை இல்லை. எடுத்து வைத்துவிட்டு மறந்துபோகிற சுபாவம் உள்ளவர்களுக்கு இது ஏற்ற பொருள் இல்லை.

அதனால் லேப்டாப், டி7 போக மூன்றாவது பிரதியைச் சுற்றுகிற ஹார்டு டிஸ்க்கில்தான் வைத்திருக்கிறேன். அது கோயம்புத்தூரில், பீளமேட்டில் மகள் வீட்டில் இருக்கிறது. ஆடி நோம்பிக்கும் தீபாவளிக்கும் அவள் ஊருக்கு வரும்போது கொண்டுவருவாள், புதுப்பித்துத் திருப்பிக் கொடுப்பேன். பஸ்ஸில் குலுங்காமல் இருக்க எங்கள் ஊர் போர்வைத் துண்டு ஒன்றில் சுற்றித் தருவேன். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில் என்ற இந்தக் கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர். நெகட்டிவ் போய் டிஜிட்டல் வந்த காலத்தில் படங்களை இழந்துவிடாமல் இருக்க அவர் சொன்ன வழி, குரலுக்கும் எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. எழுத்து பைல்கள் மட்டும் கூகுள் டிரைவிலும் ஏறுகின்றன. இலவச 15 ஜி.பி. எழுத்துக்கு ஏழு தலைமுறைக்குப் போதும், பதிவுகளுக்குப் போதாது.

வெறும் கதை, கட்டுரை, கவிதை எழுதுகிறவர் என்றால் இதை வாங்காதீர்கள். அந்தத் தம்பி சொன்ன மாதிரி இரண்டு பென்டிரைவும் ஒரு கூகுள் கணக்கும் போதும், மிச்சக் காசுக்குப் புத்தகம் வாங்கலாம். ஒலி, படம், ஸ்கேன் செய்த ஓலை, பழைய தாள் என்று சேர்க்கிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். இருபத்தைந்து மாதத்தில் ஒரு பைல் கூட எனக்குப் பழுதாகவில்லை. கோடையில் அரை மணி நேரம் ஓடினால் தொட வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

டி7 தீர்க்காத பிரச்சினை ஒன்று என்னிடம் மிச்சம் இருக்கிறது. 2003இல் வந்த என் முதல் கதைத் தொகுப்பை ஈரோட்டில் ஒரு டி.டி.பி. சென்டரில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்தார்கள். சி.டி.யில் போட்டுக் கொடுத்தார்கள். அப்போது ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கொரு எழுத்து வரிசை. அந்த பைலைப் பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன், ஒரு பைட் கூடக் குறையவில்லை. திறந்தால் தமிழ் இல்லை. கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் பக்கம் பக்கமாக வருகின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, அதுவும் 2001இல் வந்தது. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஒருவரிடம் போய் உள்ளே இருப்பதை டெக்ஸ்டாக எடுத்துவந்து, என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். டாம், டிஸ்கி, பாமினி போன்ற பரவலான பழைய எழுத்து முறைகளில் அடித்தது சரியாக மாறிவிடுகிறது. அந்த சென்டரின் சொந்த ஃபாண்டில் இருப்பதை வரி வரியாக அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டியிருக்கிறது. பதினான்கு கதைகளில் ஒன்பது முடிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் வேர்டாக, வெறும் டெக்ஸ்டாக, பி.டி.எஃப். ஆக மூன்று வடிவத்தில் வைக்கிறேன். அடுத்த அமாவாசைக்குள் பத்தாவது கதையும் டி7இல் ஏறிவிடும்.