கொழும்பு வெயிலுக்குப் பெரிய மரமா, குட்டிக் காடா, வெள்ளைக் கூரையா?

ஏப்ரல் முதல் வாரத்தில் பகல் 12.10 மணிபோல வெள்ளவத்தையில் காலி வீதியோரம் பஸ்ஸுக்காக நின்று பாருங்கள். கொழும்பு இருப்பது வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே என்பதால், வருடத்தில் இரண்டு தடவை, ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும், சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். அந்த நேரத்தில் எட்டு மாடிக் கட்டடத்தின் நிழல்கூட அதன் காலடியிலேயே சுருங்கிப்போகும். சுற்றிவர இவ்வளவு தொடர்மாடிகள் நின்றும், வீதியில் நிற்கிறவருக்கு ஒரு முழ நிழல் கிடையாது. தலைக்கு மேலே விரிகிற ஏதாவது ஒன்று வேண்டும்.

மரம் நடுவோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும்தான் சொல்கிறேன். ஆனால் எந்த மரம், எங்கே, மண்ணே இல்லாத ஒழுங்கைக்கு என்ன வழி என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. இருக்கிற கொஞ்சப் பணத்துக்குப் பல யோசனைகள் போட்டி போடுகின்றன: வீதியோரப் பெரிய மரம், மியாவாக்கி முறையில் நெருக்கி நடும் குட்டிக் காடு, கட்டடச் சுவரில் தொங்கும் தோட்டம், கூரைக்கு வெள்ளைப் பூச்சு. நான் இவற்றை அளப்பது ஒரே கேள்வியால்தான். நண்பகலில் நடந்து போகிற ஒரு ஆளுக்கோ, தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற ஒரு குடும்பத்துக்கோ இதனால் எவ்வளவு சூடு குறையும்?

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். எங்களுடையது வறண்ட ஊர்களின் வெயில் இல்லை. இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 31, 32 பாகையோடு நிற்கும், ஆளைக் கொல்வது புழுக்கம். மரம் இரண்டு விதமாகக் குளிர்விக்கும்: ஒன்று நிழல், மற்றது இலை வழியாக நீரை ஆவியாக்குவது. காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும் ஊரில் இரண்டாவது வேலை மந்தமாகத்தான் நடக்கும். அதனால் கொழும்பில் நிழலும், தடைப்படாத கடற்காற்றும்தான் பெரிய விஷயம். நேர் வெயிலில் கிடக்கும் தார் வீதி 50 பாகையைத் தாண்டிச் சுடும், மர நிழல் விழுந்த அதே வீதி அதைவிடப் பத்துப் பதினைந்து பாகையாவது குறைவாக இருக்கும். கீழிருந்து காலிலும் முகத்திலும் அடிக்கிற அந்த அனல் குறைவதுதான், காற்றின் வெப்பம் ஒரு பாகை குறைவதைவிட, உடம்புக்கு முதலில் தெரியும்.

அந்த அளவில் பார்த்தால் அகலமாக விரிந்த ஒரு முதிர்ந்த மரத்துக்குப் பக்கத்தில் வேறெதுவும் வராது. பௌத்தாலோக மாவத்தையிலோ விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றியோ நடந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சிங்களத்தில் மாரா என்று சொல்லும் தூங்குமூஞ்சி மரம் ஒன்று 30 மீற்றர் அகலத்துக்குக்கூட விரியும். பின்னேரம் இலை மடித்துக்கொள்ளும், உச்சி வெயிலில் முழுதாக விரித்து வைத்திருக்கும்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு வாகை மரம் நின்றது. கட்டடம் ஒன்றுக்காக வெட்டினார்கள், பதிலுக்குப் பத்துக் கன்று நடுவோம் என்றார்கள். நட்டது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 15 மீற்றர் அகலமாக விரிந்த மரம் ஏறக்குறைய 177 சதுர மீற்றர் நிழல் தரும். ஒரு மீற்றர் அகலக் கன்று தருவது ஒரு சதுர மீற்றருக்கும் குறைவு. அன்றைக்கே அந்த நிழலை ஈடுசெய்ய 225 கன்று வேண்டும், அதுவும் எல்லாம் பிழைத்தால். எனக்கு இப்போதும் அந்த முனையைத் தாண்டும்போது வயிறு எரிகிறது. அந்த மரத்துக்குக் கீழேதான் பள்ளிப் பிள்ளைகள் வான் வண்டிக்காக நிற்பார்கள்.

சரி, மரம் விழுந்தால்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேச எனக்கு மனமில்லை. 2023 ஒக்டோபர் 6 காலை, மழைக்குள் கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்மேல் பெரிய மரம் ஒன்று சாய்ந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டிலேயே மழை நேரத்தில் மரத்துக்குக் கீழே நிற்காதே என்றுதான் சொல்கிறோம். பயம் நியாயமானது. ஆனால் நல்ல மரம் தானாகச் சாய்வது அபூர்வம். அடிமரம்வரை சீமெந்து பூசி மூச்சை அடைக்கிறோம், குழாய்க்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேரை அறுக்கிறோம், மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் வெட்டிப் பாரத்தை மறுபக்கம் தள்ளுகிறோம், அப்புறம் பலத்த மழையில் மண் இளகும்போது அது சாய்கிறது. மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல் மண்ணில், ஒரு மீற்றருக்குள்தான் படர்ந்திருக்கும் என்பது தோண்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வருடா வருடம் பழகிய ஒருவர் வந்து அடிமரத்தையும் கிளைகளையும் பார்த்து, உள்ளே உக்கியதை மட்டும் எடுத்து, மற்றதைக் காப்பாற்றுவதற்கு ஆகும் செலவு, புதிதாக நட்டு நாற்பது வருடம் காத்திருப்பதைவிட மிகக் குறைவு.

புதிதாக நடுவதென்றால் எதை? இதில் எங்கள் ஆட்களோடு எனக்குச் சின்னச் சண்டை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் வேம்பைத்தான் சொல்வார்கள், அந்த நிழலில் வளர்ந்தவள் என்பதால் ஆசை எனக்கும் புரியும். ஆனால் வேம்பு வறண்ட நிலத்துப் பிள்ளை. வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டும் கொழும்பில் அது அங்கே போலச் செழிக்காது. தேசிய மரம் என்று நாக மரத்தைச் சொல்வார்கள். அழகு, அடர்த்தி, எல்லாம் சரி, ஆனால் வளர்ச்சி மிக மெதுவாக இருப்பதால் பஸ் தரிப்பிடத்துக்கு ஆகாது, பூங்காவுக்கு நடலாம். கடலோர வீதிகளுக்கு உப்புக் காற்றைத் தாங்கும் பூவரசும் புன்னையும் இருக்கின்றன, அவை நம் கரையிலேயே வளர்ந்தவை. காலி வீதி போன்ற இடத்துக்கு என் தெரிவு புங்கை: அளவான உயரம், நல்ல அடர்த்தியான நிழல். வாவிக் கரைக்கும் கால்வாய்க் கரைக்கும் மருத மரம். எதை நட்டாலும் மண் வேண்டும். விரியும் மரத்தின் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் குறைந்தது 0.3 கன மீற்றர் மண் என்று கணக்கு வைத்தால், 10 மீற்றர் விரியும் மரத்துக்கு 23 கன மீற்றருக்கு மேல். நடைபாதையில் ஒரு வாளி அளவுக்குக் குழி தோண்டிவிட்டு மரம் வளரவில்லை என்று மரத்தைக் குறை சொல்லக் கூடாது.

அடுத்தது குட்டிக் காடு. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி காட்டிய முறை: மண்ணை நன்றாகப் பண்படுத்தி, அந்தந்த இடத்துக்குரிய மர வகைகளைச் சதுர மீற்றருக்கு மூன்று முதல் ஐந்து கன்று வீதம் நெருக்கி நடுவது. வேகமாக எழும், குருவியும் வண்ணத்துப்பூச்சியும் வரும், மழைநீரை மண் குடிக்கும். எனக்குப் பிடிக்கும். ஆனால் அது உள்ளே நடக்க முடியாத அடர்த்தி, நிழல் முழுவதும் அதற்குள்ளேயே விழும். நடைபாதையில் போகிறவருக்கு ஓரத்தில் கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். பள்ளி வளவிலோ ரயில் பாதையோரம் சும்மா கிடக்கும் துண்டு நிலத்திலோ செய்யலாம். வீதி மரத்துக்கான பணத்தை எடுத்து இதில் போடுவதை நான் எதிர்ப்பேன்.

தொங்கும் தோட்டத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. ராஜகிரியவில் 40 மாடிக்கு மேல் செடிகளோடு எழுந்து நிற்கும் கிளியர்பொயின்ட் தொடர்மாடி பார்க்க அழகாக இருக்கிறது, உள்ளே இருப்பவர்களுக்குச் சுவர்ச் சூடும் குறையும். கீழே ஓட்டோவுக்காக நிற்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. நடைபாதையில் தொட்டியில் வைக்கும் பனை வகைகளும் அப்படித்தான், தண்ணீர் கேட்கும், நிழல் தராது.

வெள்ளைக் கூரைதான் மரத்துக்கு உண்மையான போட்டி. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ‘தோட்டம்’ என்று சொல்லும், வீட்டோடு வீடு ஒட்டிய குடியிருப்புகளுக்குள் மரம் நட ஒரு சாண் மண் கிடையாது. அங்கே தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வீட்டுக்குள் இறக்கும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சு, விழுகிற வெயிலில் 80 வீதம் வரை திருப்பி அனுப்பும், பூசிய அன்றே பலன் தெரியும். அகமதாபாத்தில் 2017 முதல் ஏழைக் குடியிருப்புகளில் இதைச் செய்கிறார்கள். எங்கள் ஊருக்கென்று ஒரு குறை உண்டு: இந்த ஈரத்தில் பாசி பிடித்து வெள்ளை மங்கிவிடும், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கழுவிப் பூச வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. இத்தனைக்கும் பிறகும் நான் சொல்வேன், ஒரு அறையில் நான்கு பேர் படுக்கும் வீட்டுக்கு, மரத்துக்கு முன் இதுதான் வர வேண்டும்.

2018இல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பை ஈரநில நகரமாக அறிவித்தார்கள், உலகிலேயே முதல் 18 நகரங்களில் ஒன்று. ஊரின் சூட்டைக் குறைக்க, பெத்தகான போன்ற அந்தச் சதுப்புகளை நிரப்பாமல் விட்டாலே போதும், அதற்குப் போட்டி எதுவும் வேண்டாம்.

எனவே என் கையில் பணம் இருந்தால், நிற்கிற மரங்களைக் காப்பதற்கு முதல் பங்கு, தகரக் கூரைகளுக்கு இரண்டாவது, பஸ் தரிப்பிடங்களில் புங்கைக்கு மூன்றாவது. மிஞ்சினால் குட்டிக் காடு. கன்றை மே மாதம் தென்மேல் பருவமழையோடு நட வேண்டும், இல்லாவிட்டால் ஒக்டோபர் மழையோடு. ஜனவரி முதல் மார்ச் வரையான காய்ந்த மாதங்களில், முதல் இரண்டு வருடம் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் ஒழுங்கை முனையில் வாகை நின்ற இடத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூடாத மண் துண்டு ஒன்று இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்ற நானும் மேல் வீட்டு அக்காவும் இருக்கிறோம்.