விரல் ரேகை, மூளைப் படம், அறுபது செஷன்: மதுரையில ஏ.டி.எச்.டி டெஸ்ட்டுக்குப் போறவங்க கவனத்துக்கு

மதுரைப் பக்கம் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி (கவனக்குறைவோ அளவுக்கு மீறின துறுதுறுப்போ இருக்கிற பிரச்சனை) இருக்கான்னு பார்க்க இடம் தேடிக்கிட்டு இருந்தா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க. புகார் நடக்கிறதால சென்டர் பேரைப் போடலை. என்ன செய்வாங்கன்னு சொல்றேன், அதை வச்சு நீங்களே கண்டுக்கலாம்.

மகள் ஒன்பதாவது படிக்கிறா. வாயே திறக்காத பிள்ளை. ஜாமென்ட்ரி பாக்ஸ் அடிக்கடி தொலையும். கணக்குப் பரீட்சையில கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலே பேப்பரைக் கொடுத்துட்டு வந்து நிப்பா. கிளாஸ் டீச்சர்தான் "ஒரு தடவை காட்டிப் பாருங்கம்மா"ன்னாங்க. 'ஒரே நாளில் ரிசல்ட்'னு ஃபேஸ்புக்ல விளம்பரம் வந்துச்சு, போனோம். ஏசி ரூம், சுவரெல்லாம் மூளைப் படம்.

முதல்ல பத்து விரலையும் ஒரு ஸ்கேனர்ல அழுத்தச் சொன்னாங்க. பிறவிப் புத்தி, படிக்கிற விதம் எல்லாம் ரேகையில இருக்காம். இந்த விரல் ரேகை டெஸ்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் கிடையாதுன்னு இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கு. கிளி ஜோசியம் இதுக்குத் தேவலை, கிளி சீட்டை நம்ம கண்ணு முன்னாடியாவது எடுக்கும்.

அடுத்து தலையில வயர் தொங்குற ஒரு தொப்பி. கம்ப்யூட்டர்ல சிவப்பும் நீலமுமா மூளைப் படம். "சிவப்பா தெரியுதுல்ல மேடம், அங்கதான் பிரச்சனை. இப்ப விட்டா பத்தாவது போச்சு." சொன்னவருக்குப் பேருக்கு முன்னாடி டாக்டர்னு போர்டு இருந்துச்சு, பின்னாடி என்ன படிப்புன்னு ஒரு எழுத்து இல்லை. மூளை அலையைப் பதியற இ.இ.ஜி வலிப்பு மாதிரி நோய்க்கு உதவும். ஏ.டி.எச்.டி-யை அதை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ அதைக் கண்டுபிடிக்காது.

டெஸ்ட் 14,000 ரூபாய். அறுபது செஷன் 72,000, அன்னைக்கே கட்டினா 60,000. கூட 'மூளை பவுடர்' டப்பா மூணு. சீட்டு எடுத்து வச்சிருந்த காசு அப்படியே போச்சு.

பிள்ளைகிட்ட அவங்க கேட்டது பேரும் ஸ்கூலும் மட்டும்தான். பிரசவம் எப்படி ஆச்சு, ராத்திரி தூங்குறாளா, எந்த வகுப்புல இருந்து இப்படி, ஒண்ணும் எங்ககிட்டக் கேட்கலை. ஸ்கூலுக்கு ஒரு தாள்கூட அனுப்பலை. ஆனா ஸ்பைரல் போட்டுத் தடியா ரிப்போர்ட் வந்துருச்சு. வீட்டுக்கு வந்து அவங்க அப்பா இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு: மேசை மேல ஏறுவான், பக்கத்துப் பிள்ளையை அடிப்பான், வயசு 7. அட்டையில மட்டும் எங்க மகள் பேரு! கேட்டதுக்கு, "அது சாஃப்ட்வேர் எடுத்துக் கொடுக்கிறது மேடம், நீங்க கிராஃபை மட்டும் பாருங்க"ன்னாங்க.

செஷன்ங்கிறது வேற ஒண்ணுமில்லை, திரையில கார் ஓடும். கவனிச்சா ஓடும், கவனம் சிதறினா நிக்கும்னாங்க. ஒருநாள் வர்ற வழியில மகள் சொல்றா, "நான் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்தாலும் அது ஓடுதும்மா." அன்னையோட நிறுத்தினோம்.

அப்புறம் கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனோம். காத்திருக்கணும், டிபன் கட்டிக்கிட்டுப் போங்க. ஆனா அங்கதான் ஒழுங்கா கேள்வி கேட்டாங்க. சின்ன வகுப்பு ரேங்க் கார்டெல்லாம் எடுத்துட்டு வரச் சொன்னாங்க, ஏன்னா 12 வயசுக்கு முன்னாடியே அறிகுறி தெரிஞ்சிருக்கணும். வீடு, பள்ளிக்கூடம்னு குறைஞ்சது ரெண்டு இடத்துலயாவது இருக்கணும், ஆறு மாசமாவது தொடர்ந்து இருக்கணும். அதுக்காக ரெண்டு டீச்சருக்குக் கேள்வித்தாள் போச்சு. கவனக்குறைவுக்கு ஒன்பது அறிகுறி, துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் ஒன்பது. இந்த வயசுப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு பக்கம் ஆறாவது சேரணும், அதனால படிப்பும் பழக்கவழக்கமும் பாதிக்கப்பட்டிருக்கணும். காது, கண்ணு பார்த்தாங்க. ரத்தம் எடுத்தது தைராய்டு, ரத்தச்சோகை இல்லைன்னு தெரிஞ்சுக்க. சைக்காலஜிஸ்ட் தனியா உட்கார வச்சு வாசிக்க, எழுத விட்டுப் பார்த்தாங்க. எல்லாம் ஒரு நாள்ல முடியலை.

கடைசியில ஏ.டி.எச்.டி-தான், கவனக்குறைவு மட்டும் தூக்கலா இருக்கிற வகைன்னாங்க. "சத்தம் போடாத பொம்பளைப் பிள்ளைங்கள்ல இது ரொம்ப லேட்டாத்தான் தெரியும்மா"ன்னாங்க டாக்டர். என் மாமியார் உடனே, "அப்ப அந்த சென்டர்க்காரன் சொன்னது சரிதானே"ன்னாங்க. சரியில்லை அத்தை. வர்ற பிள்ளைக்கெல்லாம் அதே பேரைச் சொன்னா சிலதுக்கு ஒத்துப்போகத்தான் செய்யும். எங்க பிள்ளைக்கு எது இருக்கோ அது அந்த ரிப்போர்ட்ல எங்கயுமே இல்லை. முன் பெஞ்சு, வீட்டுப்பாடத்தைத் துண்டு துண்டாப் பிரிக்கிறது, தேவைப்பட்டா மாத்திரைன்னு இப்ப நடக்கிற எதையும் அவங்க பேசவே இல்லை. மாத்திரைன்னா நஞ்சுன்னு பயங்காட்டித்தான் பவுடரை வித்தாங்க. மீதைல்ஃபெனிடேட் மாதிரி மருந்தைச் சும்மா கொடுத்துற முடியாது. டாக்டர் சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணை மருந்துக்கடையில ரெண்டு வருஷம் வச்சிருக்கணும்னு சட்டமே இருக்கு.

இன்னொரு தூண்டில், "பத்தாவதுல எக்ஸ்ட்ரா டைம் கிடைக்கிற சர்ட்டிபிகேட் நாங்களே தருவோம்". 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில கற்றல் குறைபாடு இருக்கு, ஏ.டி.எச்.டி தனியா இல்லை. அப்படியே கற்றல் குறைபாடு இருந்தாலும் அரசு மருத்துவக் குழு கொடுக்கிற சான்றுதான் செல்லும்.

எங்க போனாலும் முதல்ல பார்க்கிறது யாருன்னு கேளுங்க. மனநல மருத்துவரோ குழந்தை மருத்துவரோன்னா மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கும், அந்தக் கவுன்சில் இணையதளத்துலயே சரிபார்க்கலாம். 1992 மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாம தொழில் பண்றது குற்றம். நாங்க எண்ணைக் கேட்டப்ப அந்த சென்டர் ஆளு தன்னோட விசிட்டிங் கார்டை நீட்டினாரு. எங்க போறதுன்னே புரியலைன்னா 14416-க்குப் போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டா பில்லுல 'நான் ரீஃபண்டபிள்'னு போட்டிருக்கிறதைக் காட்டுறாங்க. ரொம்பப் பேசினதும், "பாக்கி செஷனை உங்க சொந்தக்காரப் பிள்ளை யாருக்காவது மாத்தித் தர்றோம்"னாங்க. நோட்டீஸ் அனுப்பிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு போட்டிருக்கோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். முதல்ல நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுக் கேட்டுக்கலாம். பேக்கேஜுக்குப் பணம் கட்டிட்டு இன்னும் செஷன் ஆரம்பிக்காதவங்க, வேண்டாம்னு இன்னைக்கே எழுத்துல அனுப்பிருங்க. போன்ல சொன்னா, சொல்லவே இல்லைம்பாங்க. விளம்பரத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கங்க. நாங்க நோட்டீஸ் விட்டதும் அந்த 'ஒரே நாளில் ரிசல்ட்' போஸ்ட்டைத் தூக்கிட்டாங்க.