தங்கையின் கல்லீரல் கட்டிக்குச் செய்த கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட்

பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த சாதாரண ஸ்கேனில், என் தங்கையின் கல்லீரலில் 4 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. வயது 34. வலி இல்லை, ரத்தப் பரிசோதனையிலும் குறை இல்லை. இருந்தும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. எங்கள் கல்லீரல் மருத்துவர், ஊசியால் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு அவசரப்படாமல், கோவையில் ஒரு ஸ்கேன் மையத்துக்கு அனுப்பி கான்ட்ராஸ்ட் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார்.

கை நரம்பில் மருந்தை ஏற்றுகிறார்கள். சல்ஃபர் ஹெக்ஸாஃபுளூரைடு வாயு அடங்கிய நுண்குமிழிகள் அவை. ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. வாயு மூச்சு வழியாகவே வெளியேறிவிடுவதால் சிறுநீரகத்துக்குச் சுமை இல்லை. கதிர்வீச்சும் கிடையாது என்பதால் என்னைக் கட்டில் அருகிலேயே நிற்க விட்டார்கள். அதற்காகவே அந்த மையத்துக்கு நன்றி சொல்வேன்.

ஸ்கேன் எடுத்த மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 20 விநாடி ஆகியிருக்காது, குமிழிகள் வந்து சேர்ந்து கட்டியின் நடுவில் ஒளி தோன்றி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல வெளிப்புறமாகப் பரவியது. ஹிமாஞ்சியோமா என்கிற ரத்தநாளக் கட்டியானால் ஓரத்தில் தொடங்கி மெல்ல உள்ளே நிரம்பும் என்றார். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாளா என்றும் விசாரித்தார். அடினோமா என்ற கட்டிக்கு அதோடு தொடர்பு உண்டு. அது பெரிதானால் ரத்தம் கசியக்கூடும். அதனால் இவளுடையது அடினோமாவா, வேறு கட்டியா என்று பிரித்து அறிவது அவசியமாம். பிறகு காத்திருந்தோம். புற்றுக்கட்டிகளில் பெரும்பாலானவை நேரம் செல்லச் செல்லச் சுற்றியுள்ள கல்லீரலைவிட இருண்டுவிடும். இவளுடையது 5-ஆவது நிமிடத்திலும் இருளவில்லை. ஃபோக்கல் நாடுலர் ஹைப்பர்பிளேசியா என்ற தீங்கற்ற கட்டி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். புற்றாக மாறாது, பெரும்பாலும் அறுவையும் வேண்டியதில்லை. தங்கை படுத்தபடியே அழுதுவிட்டாள்.

குறைகளும் உண்டு. மருந்துக் குப்பிக்குத் தனிக் கட்டணம் என்பதைப் பணம் கட்டும் இடத்தில்தான் சொன்னார்கள். தொலைபேசியில் விசாரித்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அறிக்கையும் இரண்டே வரி. சோதனைக்கும் எல்லை இருக்கிறது: உடல் பருமனாக இருந்தாலோ, கட்டி ஆழத்தில் இருந்தாலோ படம் தெளிவாக விழாது, செய்பவரின் அனுபவமும் முக்கியம். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, சாதாரண ஸ்கேனில் முடிவு தெரியாத கல்லீரல் கட்டிகளுக்கு இதை 2012-லேயே பரிந்துரைத்துவிட்டது. நம் ஊர்களில் இப்படி ஒரு சோதனை இருப்பதே பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

போகிறவர்கள் காணொளிப் பதிவைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். எங்களுக்கு முதலில் அச்சிட்ட படங்களை மட்டுமே கொடுத்தார்கள். ஒளி நடுவிலிருந்து பரவியது அதில் தெரியவே இல்லை. வற்புறுத்தி வாங்கிய பதிவைப் பார்த்த பிறகே எங்கள் மருத்துவர் பயாப்ஸி வேண்டாம் என்றார்.