கோட்டையா, கடற்படை அருங்காட்சியகமா?

திருகோணமலைக்கு வரும் சொந்தக்காரர்கள் பலரும் கேட்பது: "ஒரு பின்னேரம்தான் இருக்கு, பழைய கட்டடம் எதைப் பார்க்கலாம்?"

வயது: பிரெட்ரிக் கோட்டை 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது. கடற்படை அருங்காட்சியகம் இருப்பது ஒல்லாந்தர் காலத்து மாளிகையில்.

பார்க்க என்ன: இங்கே கோட்டைதான் முந்துகிறது. இடித்த கோணேசர் கோயிலின் கற்களைக் கொண்டே அதை எழுப்பினார்கள். வாசலில் நின்று பாருங்கள்: பாண்டியரின் சின்னமான இணைக்கயல் (இரட்டை மீன்), கூடவே "முன்னே குளக்கோட்டன்" (கோயிலுக்குத் திருப்பணி செய்ததாகச் சொல்லப்படும் மன்னன்) என்று தொடங்கும் கல்வெட்டு. பலர் அதைக் கவனிக்காமல் கடந்துபோவது எனக்கு மனக்கஷ்டம். அப்புறம் புள்ளிமான்கள், பாறை உச்சியில் இன்றைய கோயில், கீழே கடல். அருங்காட்சியகத்தில் துறைமுகத்தின் கதையும் கடற்படைப் பொருட்களும்.

சிரமம்: கோட்டையில் ஏற்றமும் வெயிலும் உண்டு, இன்னும் இராணுவ முகாம் இருப்பதால் படம் எடுக்கும்போது கவனம் தேவை. அருங்காட்சியகத்தில் நிழல்.

முதியவர்களோடு நடுமத்தியானத்தில் வந்தால், சரி, அருங்காட்சியகம். வெயில் தாழ்ந்து, நடக்கவும் தெம்பிருந்தால் கோட்டை. மான்கள் பொலித்தீனையும் தின்றுவிடும். பைகளை அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.